களிமண்ணின் மௌனம்: கோலெம் கதையும் ஓராள் அரங்கின் அறமும்

கதையொன்றைச் சொல்ல முன்வருபவன் அக்கதையிலே வருவோர் அனைவருக்கும் ஒருவகையிற் கடன்பட்டவனாகின்றான். அவர்கள் நேரில் வந்து தம் வழக்கை உரைக்க இயலாதவர்கள். அவனது நாவினாலேயே அவர்கள் வாழவும் மாளவும் வேண்டியுள்ளது. பலர் கூடி நடிக்கும் நாடகத்தில் இக்கடன் பலரிடையே பகிரப்படுகின்றது. ஒரு பாத்திரத்தின் நியாயத்தை ஒரு நடிகன் எடுத்துரைத்தால், அதனை மறுப்பதற்கு இன்னொரு நடிகன் அதே மேடையில் நிற்கின்றான். ஒரு நடிகனே எல்லாப் பாத்திரங்களையும் தாங்கும் ஓராள் நாடகத்திலோ அக்கடன் முழுவதும் அவனொருவனது தோளிலேயே பொறுக்கின்றது. ஓரங்க நாடகத்தையும் ஓராள் நாடகத்தையும் ஒன்றெனக் கொள்வோர் உளர். முன்னையது அங்கத்தின் தொகையைக் குறிப்பது. பின்னையது ஆளின் தொகையைக் குறிப்பது. ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுவது பின்னையதே.

ஆகவே, ஓராள் அரங்கு பற்றிய சிந்தனை உத்தி பற்றிய சிந்தனையாக மட்டும் நின்றுவிட முடியாது. குற்றஞ் சாட்டுபவனும், சாட்டப்படுபவனும், தீர்ப்பு வழங்குபவனும் ஒரே வாயினாற் பேசுமிடத்து நீதி நிகழுமா? பேச்சே அற்ற ஒருவனுக்காகப் பேசும் உரிமையை நாம் எங்கிருந்து பெறுகின்றோம்? இவ்வினாக்களைப் பொதுப்பட ஆராய்வதிலும் பார்க்க, ஒரு கதையை முன்னிறுத்தி ஆராய்வது பயனுடையது. அதற்கெனக் கோலெம் என்னும் யூத மரபுக்கதையைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. மரபிலே அக்கதையின் நாயகன் பேசமாட்டான். பேச்சையே தன் முதலாகக் கொண்ட ஓராள் அரங்கிற்கு இதனைவிடக் கடினமான சோதனை வேறில்லை.

கதை வளர்ந்த வரலாறு

'கோலெம்' என்னும் எபிரேயச் சொல் பழைய ஏற்பாட்டிலே ஒரேயோர் இடத்தில், 139ஆம் சங்கீதத்தில் வருகின்றது. இன்னும் உருப்பெறாத கரு என்பது அங்கு அதற்குக் கொள்ளப்படும் பொருள். பாபிலோனியத் தல்மூத்தின் சன்ஹெட்ரின் என்னும் பகுதி, ஆதாம் படைக்கப்பட்ட நாளை மணித்தியாலம் மணித்தியாலமாகக் கணக்கிடுமிடத்து, உயிர் புகுத்தப்படுவதற்கு முன்னர் அவன் கோலெமாகக் கிடந்தான் என்கின்றது. மனித குலத்தின் முதல்வனே சிறிது நேரம் கோலெமாக இருந்தவன் என்பது மனங்கொள்ளத்தக்கது.

கதையின் வித்தும் அதே பகுதியிலேயே உள்ளது. றவா என்னும் அறிஞர் ஒரு மனிதனைப் படைத்து, அவனை ரபி ஸெய்ராவிடம் அனுப்புகின்றார். ஸெய்ரா அவனுடன் பேசுகின்றார்; மறுமொழி வரவில்லை. இவன் தம் தோழரால் ஆக்கப்பட்டவன் எனத் தெளிந்த ஸெய்ரா, அவனை மண்ணுக்கே திரும்புமாறு பணிக்கின்றார். மூலத்தில் இந்நிகழ்ச்சி சில சொற்களிலேயே முடிந்துவிடுகின்றது. பேசாமை ஒன்றே அவனுக்கு எதிரான சான்று; அதுவே தீர்ப்புக்கும் போதுமானதாயிற்று.

பல நூற்றாண்டுகளின் பின், 1808இல், யாக்கோப் கிறிம் ஜெர்மன் இதழொன்றில் வெளியிட்ட சிறு குறிப்பு, போலந்து யூதரிடையே வழங்கிய ஒரு வடிவத்தைத் தருகின்றது. களிமண்ணாற் செய்யப்பட்ட வேலையாள் நாள்தோறும் வளர்கின்றான். அவன் நெற்றியிலே 'எமெத்' என எழுதப்பட்டுள்ளது. உண்மை என்பது அதன் பொருள். முதலெழுத்தாகிய ஆலெப்பை அழித்தால் 'மெத்' என எஞ்சும். இறந்தவன் என்பது அதன் பொருள். கைக்கெட்டாத உயரத்துக்கு அவன் வளர்ந்துவிடவே, படைத்தவன் தன் சப்பாத்துகளைக் கழற்றிவிடுமாறு அவனை ஏவுகின்றான். அவன் குனிந்த கணத்தில் எழுத்து அழிக்கப்படுகின்றது. ஆனால், மண்குவியல் முழுவதும் படைத்தவன்மீதே சரிந்து அவனை நசுக்கிவிடுகின்றது. இவ்வடிவம் 16ஆம் நூற்றாண்டில் ஹெல்ம் என்னும் ஊரில் வாழ்ந்த ரபி எலியாவின் பெயரோடு இணைக்கப்பட்டது.

இன்று பெரிதும் அறியப்பட்டுள்ள வடிவம் பிராக் நகரத்துக்குரியது. மகரால் என வழங்கப்படும் ரபி யூதா லோ 1609இல் மறைந்தவர். அவரைக் கோலெமின் படைப்பாளராகக் காட்டும் கதை அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின்னர், 19ஆம் நூற்றாண்டிலேயே அச்சிற் பரவியது. அவருடைய நூல்களில் இதுபற்றிய குறிப்பெதுவும் இல்லை. அவ்வடிவிலே கோலெம் வாரம் முழுவதும் உழைக்கும் வேலையாள். ஓய்வுநாள் தொடங்குமுன் அவன் வாயிலுள்ள திருநாமத்தை எடுத்துவிட வேண்டும். ஒருநாள் மகரால் அதனை மறந்துவிடுகின்றார். கோலெம் வெறிகொண்டு அழிவு செய்யத் தொடங்குகின்றான்.

1909இல் போலந்து ரபியான யூதல் ரோசன்பேர்க் வெளியிட்ட நூல் கதையின் போக்கையே மாற்றியது. பழைய கைப்பிரதியொன்றின் பதிப்பு என அறிமுகஞ் செய்யப்பட்ட அந்நூலை ஆக்கியவர் அவரே என்பது ஆய்வாளர் துணிபு. அதிலே கோலெம் வேலையாள் மட்டுமல்லன், காவலன். கிறித்தவப் பிள்ளைகளைக் கொன்று அவர்தம் குருதியைப் பாஸ்காப் பண்டிகைக்குப் பயன்படுத்துகின்றனர் என்று யூதர்மீது சுமத்தப்பட்ட பொய்ப்பழியிலிருந்து சமூகத்தைக் காப்பதற்கென்றே அவன் படைக்கப்படுகின்றான். இப்பழி பழங்கதையாகிவிட்டிருந்த காலமன்று அது. 1899இல் பொஹீமியாவின் போல்னா என்னும் ஊரில் ஹில்ஸ்னர் என்னும் யூத இளைஞன்மீது இத்தகைய வழக்குத் தொடரப்பட்டது. 1903இல் கிஷினேவ் நகரத்தில் யூதர் கொன்று குவிக்கப்பட்டனர். நூல் வெளிவந்து இரண்டாண்டுகளில், 1911இல், கீவ் நகரத்திலே மெண்டல் பெய்லிஸ் இதே பழியின்பேரிற் கைதானார். 1913இலேயே விடுதலை பெற்றார். மகராலின் காலத்து உடையைத் தரித்து நின்றது ரோசன்பேர்க்கின் காலத்து அச்சமே எனலாம்.

அடுத்த மாற்றம் எச். லெய்விக்கினால் நிகழ்ந்தது. சார் ஆட்சியிலே புரட்சிக் கட்சியொன்றில் இணைந்தமைக்காகச் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கிருந்து தப்பி 1913இல் அமெரிக்கா சேர்ந்த அக்கவிஞர், 1921இல் 'கோலெம்' என்னும் யித்திஷ் மொழிக் கவிதை நாடகத்தை வெளியிட்டார். ஹபீமா நாடகக் குழு அதனை எபிரேயத்தில் 1925இல் மொஸ்கோவிலே மேடையேற்றியது. காப்பதற்கென ஆக்கப்பட்ட வன்முறை, காக்கப்பட வேண்டியவர்மீதே பாயும் என்பதே அந்நாடகத்தின் வேதனை.

இவ்வரலாற்றினால் ஒன்று தெளிவாகின்றது. இக்கதைக்கு மாற்றமுறாத மூலவடிவம் என்பது இல்லை. ஒவ்வொரு காலமும் தன் அச்சத்துக்கேற்பக் களிமண்ணைப் பிசைந்துள்ளது. எனவே, மேடைக்காகக் கதையை மாற்றலாமா என்பது இங்கு எழும் வினாவன்று. எதற்காக, எவருடைய செலவில் மாற்றுகின்றோம் என்பதே வினா.

ஓருடலில் இருவர்

ஒற்றைக் குரலில் கதை நிகழ்த்துதல் கிழக்கு ஐரோப்பிய யூதரின் வாழ்வுக்குப் புதியதன்று. ஊரூராகச் சென்று கதையோடு அறம் உரைத்த 'மக்கிட்' என்னும் போதகரும், திருமண வீட்டிலே செய்யுள் கட்டி மணமக்களை அழவும் சிரிக்கவும் வைத்த 'பட்கன்' என்னும் கலைஞரும் அம்மரபினரே. 20ஆம் நூற்றாண்டிலே, வில்னாக் குழு நடிகராக இருந்த ஹேர்ஸ் குறொஸ்பார்ட், 'சொற்கச்சேரி' என்ற பெயரிலே தனியாளாக நின்று யித்திஷ் இலக்கியத்தை மேடையில் நிகழ்த்தினார். ஆகவே கோலெம் கதையை ஒருவன் நின்று நிகழ்த்துவது மரபுக்கு ஒவ்வாத புதுமையாகாது. ஆயினும், கதை சொல்லுதல் வேறு. கதையிலுள்ளோரை உடலாலே தாங்குதல் வேறு. பின்னையதிலேதான் சிக்கல் தோன்றுகின்றது.

பலர் நடிக்கும் மேடையிலே கோலெம் தனியொரு நடிகனாக நிற்பான். 1920இல் வெளிவந்த ஜெர்மன் மௌனத் திரைப்படத்திலே இயக்குநர்களுள் ஒருவரான போல் வேகனரே அப்பாத்திரத்தை ஏற்றார். அவருடைய பருத்த உருவமும், களிமண் வார்ப்புப் போன்ற தலையும் இன்றும் நினைவுகூரப்படுவன. அத்தகைய உருவம் கண்முன் நின்றதும் பார்வையாளனது அச்சம் முழுவதும் அதன்பாற் சென்றுவிடுகின்றது. அழிவு நேரும்போது அழித்தவன் அவனே எனக் கை நீட்ட இடமுண்டு. படைத்தவர் ஓரமாக நின்று வருந்தலாம். நாமும் அவருடன் நின்று வருந்தலாம். பழி போய் அமர்வதற்கு இன்னோர் உடல் இருக்கின்றது.

ஓராள் மேடையில் இவ்வசதி இல்லை. ஹெல்ம் வடிவத்தின் இறுதிக் காட்சியை எண்ணிப் பார்ப்போம். சப்பாத்தைக் கழற்று என ஏவுபவன் ஒரு நடிகன். ஏவலை ஏற்றுக் குனிபவனும் அவனே. அவன் தன் காலடியிலே தானே குனிய வேண்டும். எழுத்தை அழிக்க உயரும் கை அவனுடையது. அழிக்கப்படும் நெற்றியும் அவனுடையதே. பின்னர் மண் சரிகின்றது. மேடையிலே விழுவது ஓர் உடல்தான். விழுந்தவன் படைத்தவனா, படைக்கப்பட்டவனா எனப் பார்வையாளன் பிரித்தறிய இயலாது. பல நடிகர் கொண்ட மேடையிலே ஒரு விபத்தாகத் தோன்றும் இம்முடிவு, இங்கே ஒரு தவிர்க்கவியலாத உண்மையாகின்றது. தன் ஏவலுக்கென ஒருவனை ஆக்கி, பயன் முடிந்ததும் அவனை அழிப்பவன், அவ்வழிவுக்குப் புறத்தே நிற்க முடியாது. ஆதாமும் ஒரு காலத்திற் கோலெமாகக் கிடந்தவன் என்னும் தல்மூத்தின் கருத்தும் இக்காட்சியில் உடல்வடிவு பெறுகின்றது.

ஆனால், இவ்வலிமையினுள்ளேயே ஓர் இடரும் மறைந்துள்ளது. இருவரும் ஓருடலிலே நிற்பதால், கோலெம் என்பது மனிதனின் உள்ளத்தே உறங்கும் விலங்கு, அவ்வளவே என்று எளிதிலே கூறிவிடலாம். இவ்விளக்கம் ஆழமானதுபோலத் தோன்றும். உண்மையில் அது கதையைச் சுருக்கிவிடுகின்றது. போல்னாவிலும் கீவிலும் சுமத்தப்பட்ட பழி எவருடைய உள்ளத்து விலங்காலும் விளைந்ததன்று; அது நீதிமன்றத்திலும் தெருவிலும் நிகழ்ந்தது. அவ்வாறே, படைக்கப்பட்டவன் நமது உள்ளத்தின் நிழல் மட்டுமாயின் அவனுக்கு நாம் எக்கடனும் பட்டவர்களல்லோம். நிழலுக்கு எவரும் நீதி வழங்குவதில்லை. ஆகவே, ஓருடலில் நின்றும் அவன் இன்னொருவனாகவே நிலைக்க வேண்டும். ஓராள் அரங்கு எதிர்கொள்ளும் அறச்சிக்கல் இதுவே.

தனித்திருந்து தீர்ப்பளித்தல்

இச்சிக்கலை விளக்குவதற்கு யூத அறமரபே இரண்டு நெறிகளைத் தருகின்றது. மிஷ்னாவிலுள்ள 'தந்தையரின் அறவுரைகள்' என்னும் பகுதி, எவரும் தனித்திருந்து தீர்ப்பளித்தலாகாது. தனித்துத் தீர்ப்பளிக்க வல்லவன் இறைவன் ஒருவனே என்னும் கருத்தை உரைக்கின்றது. உடனிருப்போரைப் பார்த்து, என் கருத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என வற்புறுத்தலும் ஆகாது என அது தொடர்கின்றது. ஓராள் நாடகத்து நடிகன் செய்வது யாது? அவன் எல்லோருக்கும் குரல் கொடுத்து, எல்லோரையும் எடைபோட்டு, இறுதியிலே தன் தீர்ப்பைப் பார்வையாளரின் கண்ணீர் வழியாக ஏற்கச் செய்கின்றான். நன்றாக நடிக்குந்தோறும் இவ்வற்புறுத்தல் மிகுகின்றது.

இரண்டாவது நெறி இன்னும் வியப்பானது. மரண தண்டனைக்குரிய வழக்கிலே நீதிபதிகள் அனைவரும் ஒருமுகமாகக் குற்றவாளி எனக் கண்டால், குற்றஞ் சாட்டப்பட்டவன் விடுவிக்கப்படுவான் எனச் சன்ஹெட்ரின் பகுதியில் ஒரு கருத்துக் கூறப்படுகின்றது. கேட்டவுடன் இது முரணாகத் தோன்றும். அதன் நியாயம் இதுவாகும்: அவனுக்குச் சார்பான ஏதேனும் உண்டா என இராப்பொழுது கழிய ஆராய்தல் நீதிமன்றத்தின் கடமை; அவனுக்காகச் சிந்திக்க ஒருவரேனும் இல்லாத மன்றிலே அக்கடமை நிறைவேறாது. ஒருமித்த குரல் உண்மைக்குச் சான்றாவதிலும், ஒரு பக்கம் கேட்கப்படவில்லை என்பதற்கே சான்றாகலாம் என அம்மரபு அஞ்சியது.

ஓராள் அரங்கிலே எழும் குரல்கள் யாவும் இறுதியில் ஒரு குரலே. அங்கே மறுப்புரையும் நடிகன் தனக்குத் தானே அனுமதித்த மறுப்புரையே. எனவே அம்மன்றின் தீர்ப்பு எந்நாளும் ஒருமித்ததாகவே அமையும். மேற்கூறிய நெறியின்படி எந்நாளும் ஐயத்துக்குரியதாகவும் அமையும். இதனாலே ஓராள் அரங்கு அறத்துக்குப் புறம்பானது என்று முடிவு கூறுதல் பொருந்தாது. அம்மேடையிலே நடிகனது குரலுக்குள் அடங்காத ஒன்று எங்கேனும் நிலைபெற வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும். கோலெம் கதையிலே அத்தகைய ஒன்று முன்னரே உள்ளது. அதுவே கோலெமின் மௌனம்.

பத்தாம் ஆள்

அம்மௌனத்தின் பொருளை உணர்தற்கு, அதனைச் சட்ட வினாவாகவே ஆராய்ந்த ஒருவரை நோக்குதல் தகும். ஹெல்ம் நகர் ரபி எலியாவின் வழித்தோன்றலும், 1718இல் மறைந்தவருமாகிய ஹகாம் ஸ்வி அஷ்கெனாசி, தமது 93ஆம் சட்ட விடையிலே, கூட்டு வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆண்களுள் ஒருவனாகக் கோலெமைச் சேர்க்கலாமா என வினவுகின்றார். அவர் ரபி ஸெய்ராவின் செயலைச் சான்றாகக் கொள்கின்றார். பெண்வயிற்றிற் பிறவாதவனை அழித்தமை கொலையாகாது. ஆயினும் அவனைப் பத்துப் பேருள் ஒருவனாகச் சேர்க்கும் பயனேனும் இருந்திருப்பின் ஸெய்ரா அவனை அழித்திருக்க மாட்டார். அழித்தார் ஆதலின் அவன் எண்ணிக்கையில் அடங்கான். இதுவே அவருடைய முடிபு. அவருடைய மகனான யாக்கோப் எம்டெனும் பின்னர் இவ்வினாவை எடுத்து ஆராய்ந்தார்.

இத்தருக்கத்தை ஏளனஞ் செய்வது எளிது. ஆனால் அவர் எழுப்பிய வினா எளியதன்று: எம்முள் ஒருவன் என எவனை எண்ணுவோம்? அவ்விடையிலே ஒரு நேர்மையும் உண்டு. ஒரு வேதனையும் உண்டு. ஒருவனால் ஆகும் பயனே அவனை அழியாது விடுதற்குக் காரணமாகக் கொள்ளப்படுகின்றது. வேலைக்காக ஆக்கப்பட்டவன், காவலுக்காக ஆக்கப்பட்டவன், வழிபாட்டின் தொகையை நிறைக்கவேனும் உதவுவானா என நோக்கப்படுபவன் என, கோலெமைப் பற்றிய எல்லா வினாக்களும் பயன் பற்றிய வினாக்களாகவே உள்ளன. அவனுக்கு எது வேண்டும் என எவரும் வினவவில்லை. வினவியிருந்தாலும் அவன் மறுமொழி கூறியிருக்க மாட்டான். மறுமொழி வாராது என்பதனால் வினவும் கடமை நீங்குமா?

இவ்விடத்தைப் பாராட்டும் ஓராள் நாடகம் ஒரு காட்சியை அமைத்துக்கொள்ளலாம். மனிதரை இலக்கத்தால் எண்ணுதல் ஆகாது என்பது யூத வழக்கு. பத்துப் பேர் சேர்ந்தனரா என அறியப் பத்துச் சொற்கள் கொண்ட சங்கீத அடியொன்றைச் சொல்லி, ஆளுக்கொரு சொல்லாக எண்ணுவர். ரபியாக நிற்கும் நடிகன் பார்வையாளருள் ஒன்பது பேரை இவ்வாறு ஒவ்வொரு சொல்லாக எண்ணட்டும். பத்தாம் சொல்லுக்குரிய இடத்தில் அவன் கோலெமாக மாறி நிற்கட்டும். சொல்லுவதற்கு இப்போது மேடையிலே எவரும் இல்லை. பத்தாம் சொல் சொல்லப்படாமலே நிற்கும். ரபியாகத் திரும்பி வந்து அவன் அதனைச் சொல்லுவானா என்பதைப் பார்வையாளரே காத்திருந்து அறிய வேண்டும். பல நடிகர் உள்ள மேடையிலே இக்காட்சி இவ்வாறு அமையாது. அங்கே சொல்லுவதற்கு இன்னொருவர் எப்போதும் இருப்பார்.

மௌனத்தை நடித்தல்

கோலெமுக்குப் பேச்சுக் கொடுத்தால் என்ன என்னும் எதிர்வினா இங்கே எழும். ஒடுக்கப்பட்டோருக்குக் குரல் கொடுத்தல் கலையின் பணி எனப் பலரும் கூறுவர். லெய்விக்கின் நாடகத்திலே கோலெம் பேசுகின்றான். அவன் ஆக்கப்படுமுன்னரே அவனது சாயை மகராலின் முன் தோன்றி, தன்னை ஆக்க வேண்டாம் என இரக்கின்றது. ஏவலுக்குட்பட்ட வாழ்வின் துயரைச் சிறையிலே உணர்ந்த கவிஞர் அக்குரலைக் கற்பித்தமை வியப்பன்று. அது நாடகத்தின் உயரிய பகுதிகளுள் ஒன்று. அங்கே மகராலை எதிர்த்து இன்னொரு நடிகன் பேசுகின்றான். அவனது குரல் வேறு, மூச்சு வேறு. மகரால் அதனை அடக்க முயன்றாலும் அது மேடையிலே தன்வழி நிற்கும்.

அதே உரையாடலை ஒருவனே நிகழ்த்தும்போது நிலைமை மாறிவிடுகின்றது. இரக்கும் குரலும் மறுக்கும் குரலும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன. கோலெமின் துயரை எடுத்துரைக்கும் நடிகனது திறமையையே நாம் வியக்கின்றோம். பேச்சற்றவனது பேச்சின்மை, பேசுபவனது பேச்சுவன்மைக்கு இரையாகின்றது. குரல் கொடுத்தல் என்னும் பெயரிலே அவனுக்கிருந்த ஒரே உடைமையாகிய மௌனமும் பறிக்கப்படுகின்றது. குரல் கொடுத்தல் எப்போதும் தவறு என்பதன்று இதன் பொருள். கொடுக்கப்படும் குரல் எவனுடையது என்பதை மறைத்தலே தவறு.

மறுதலையாக, மௌனத்தை அவ்வாறே காத்தால் நேர்வது யாது? பல நடிகர் நிற்கும் மேடையிலே ஒரு பாத்திரம் பேசாதிருந்தால் ஏனையோர் பேசுவர். அவனது மௌனம் அவர்களது பேச்சினால் மூடப்பட்டுவிடும். ஓராள் மேடையிலோ நடிகன் கோலெமாகும் ஒவ்வொரு கணமும் மேடை முழுவதும் மௌனமாகிவிடுகின்றது. கதையை நகர்த்துவதற்கு எவரும் இல்லை. உடல் மட்டும் நின்று தண்ணீர் சுமக்கின்றது, விறகு பிளக்கின்றது, ஏவலுக்குக் காத்திருக்கின்றது. அக்கணத்தைத் தாங்குவது பார்வையாளர்க்குக் கடினமாகும். அவன் எண்ணுவது யாது என அவர்கள் தாமே ஊகிக்க முயல்வர், ஊகம் தோற்கும். றவா அனுப்பிய மனிதனோடு பேசி மறுமொழிக்குக் காத்திருந்த ரபி ஸெய்ராவின் நிலையிலே அவர்கள் இப்போது அமர்ந்திருக்கின்றனர். ஸெய்ரா விரைந்து முடிவு செய்தார். நாம் எவ்வளவு நேரம் காத்திருப்போம் என்பதே மேடை எம்மிடம் கேட்கும் கேள்வி.

மேற்கூறிய இடரை, அதாவது கோலெமை உள்ளத்து விலங்காகச் சுருக்கும் இடரை, இம்மௌனமே நீக்குகின்றது. உள்ளத்தை நடிகன் பேசிக் காட்டலாம். இன்னொருவனது மௌனத்தைப் பேசிக் காட்ட இயலாது. இதற்குத் துணையாக அமைவது எடுத்துரைஞனின் நிலை. பிறெக்ற், தெருவில் நிகழ்ந்த விபத்தொன்றை நேரிற் கண்டவன் மற்றையோர்க்கு நடித்துக் காட்டும் முறையைக் காவிய அரங்கின் முன்மாதிரியாகக் கொண்டார். அவன் வண்டியோட்டியுமல்லன், அடிபட்டவனுமல்லன். இருவரது செயலையும் காட்டுபவன். கோலெம் கதையை நிகழ்த்துபவனும் அவ்வாறே மகராலாகவோ கோலெமாகவோ மறைந்துவிடாமல், காட்டுபவனாகவே நிற்பது நன்று. காட்டுபவனது சொல்லைப் பார்வையாளன் மறுக்கலாம். தனித்துத் தீர்ப்பளித்தல் ஆகாது என்னும் அறவுரைக்கும் அப்போதே இடம் கிடைக்கின்றது. மேடையிலே இல்லாத ஏனைய நீதிபதிகள் மண்டபத்திலே அமர்ந்திருக்கின்றனர்.

பிறர் கதையும் எமது கடனும்

யூத மரபுக்குப் புறம்பான ஒருவன் இக்கதையைக் கையாளலாமா என்பதும் ஆராயற்பாலது. கதைகள் எல்லை கடந்து செல்வன; அதனைத் தடுப்பது எவர்க்கும் இயலாது. ஆயினும், கதையைப் பெற்றுக்கொண்டு அதனைப் பெற்றெடுத்த துயரை எல்லையிலேயே விட்டுவிட்டு வருதல் முறையன்று. குருதிப்பழியை நீக்கிவிட்டுக் கோலெமை மட்டும் எடுத்தால் எஞ்சுவது ஒரு மந்திர பொம்மையின் வேடிக்கைக் கதையே. காவலன் ஒருவன் வேண்டும் எனக் களிமண்ணை நோக்கிக் கை நீட்டும் அளவுக்கு ஒரு சமூகம் தனித்து விடப்பட்டிருந்தது என்பது சொல்லப்படல் வேண்டும்.

பிராக் நகரிலே, கோலெமின் மண் வைக்கப்பட்டுள்ளதாகக் கதை கூறும் 13ஆம் நூற்றாண்டுத் தொழுகைக் கூடம் இன்றும் உள்ளது. அதற்கு அண்மையிலே பிங்காஸ் தொழுகைக் கூடத்தின் சுவர்களில், நாசிகளாற் கொல்லப்பட்ட பொஹீமிய, மொறாவிய யூதர் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. பரண்மேலிருந்து எவனும் எழுந்து வரவில்லை. 1945இன் பின்னர் இக்கதையை மேடையேற்றும் எவரும் இவ்விரு கட்டடங்களின் அண்மையை மறத்தல் இயலாது. பலர் நிற்க வேண்டிய இடத்திலே ஒருவன் மட்டும் நின்று எல்லோரது குரலிலும் பேசுகின்றான் என்னும் தோற்றமே அப்போது ஒரு பொருளை உணர்த்தும். அப்பொருளை அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை; வெறுமையான மேடையே அதனைச் சொல்லும்.

முடிவாக

எமெத் என்னும் சொல்லின் மூன்று எழுத்துகளும் எபிரேய அரிச்சுவடியின் முதல், நடு, இறுதி ஆகியவற்றைக் குறிப்பன என்பது யூத மரபு. முதலெழுத்து நீங்கினால் உண்மை இறப்பாகின்றது. கதையை நிகழ்த்துவோர்க்கும் இது பொருந்தும். கோலெமின் வெறியையும் அழிவையும் மட்டும் காட்டி, அவன் ஏன் ஆக்கப்பட்டான், எவரால் ஆக்கப்பட்டான், அவனிடம் எவரேனும் எதனையேனும் வினவினரா என்னும் தொடக்கத்தை நீக்கிவிட்டால், எஞ்சுவது உயிரற்ற மண்ணே.

பேச்சற்றவனுக்காகப் பேசும் உரிமை எமக்கு உண்டா என்னும் வினாவுக்கு, அத்தகைய உரிமை எவராலும் எமக்கு வழங்கப்படவில்லை என்பதே விடையாகத் தோன்றுகின்றது. எமக்குள்ளது ஒரு கடமை. அவன் பேசாது நின்ற இடத்தை எமது பேச்சினால் நிரப்பாமற் காத்து, அவ்விடத்தைப் பலர் காணுமாறு செய்தல் அது. ஓராள் அரங்கு, தனியொருவனது குரல்வன்மையைக் காட்டும் களமாக மட்டும் கொள்ளப்படுமாயின், அது தனித்திருந்து தீர்ப்பளிக்கும் மன்றாகவே முடியும். தன் குரல் செல்லாத எல்லையைத் தானே காட்டும் துணிவு அதற்கு உண்டாயின், பல நடிகர் கூடியும் காட்ட இயலாத ஒன்றை அது காட்டும்: ஏவியவனும் ஏவப்பட்டவனும் ஒரே மண்ணாலானவர் என்பதையும், அவ்வாறிருந்தும் ஒருவனுக்காக மற்றவன் மறுமொழி கூறிவிட முடியாது என்பதையும்.